மூணாவது பாகத்துல கதாபாத்திரம் சப்புன்னு போகுது, என்ன செய்யலாம்?

தக்கலை_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஆப்ல தொடர்கதை எழுதுகேன், நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல நடக்குற கதைதான். நாயகி பேரு லீலா, பத்திரம் எழுதுறவ, சார்பதிவாளர் ஆபீசுக்கு எதுத்தாப்ல சின்ன ரூம்ல மேசை போட்டு இருக்கா. முதல் பாகத்துல ஒரு ஆதாரத்துல, அதாவது சொத்துப் பத்திரத்துல, நான்கெல்லைய மாத்தி எழுதி ஒரு கைம்பெண்ணுக்க வீட்டு மனைய அமுக்கினத அவ கண்டுபிடிப்பா, கேஸ் நடந்து பத்திரம் ரத்தாகும், அத எழுதி வாங்கின தங்கப்பன் எல்லாத்தையும் விட்டுக்குடுக்க வேண்டி வரும். ரெண்டாம் பாகம் ஒரு குடும்ப சொத்து, திருவிதாங்கூர் காலத்துல மலையாளத்துல எழுதின ஆதாரம், அதுல அவளுக்கு பழைய கையெழுத்து வாசிக்கச் சொல்லிக்குடுத்த கேசவன் பாட்டா இறந்து போவாரு.

ரெண்டும் நல்லா போச்சு. இப்போ மூணாம் பாகம் தொடங்கி நாலஞ்சு அத்தியாயம் போட்டாச்சு, கமெண்ட்ல ஒரு அக்கா எழுதியிருக்காங்க, லீலா எப்படியும் கண்டுபிடிச்சிருவா, அதனால பயமே வரல்லன்னு. அவங்க சொன்னது சரின்னுதான் எனக்கும் படுகு. பிரண்ட்ஸ் ஆளுக்கொரு யோசனை சொல்லுகாங்க. ஒரு காதல் வையி, தம்பி பிஜுவ கொன்னுரு, சென்னைக்கு அனுப்பு, பெரிய வில்லனா ஒரு மந்திரிய இறக்கு. எனக்கு ஒண்ணுலயும் மனசு ஒட்டல்ல. லீலாவ நான் விட்டுருகதுக்கு இல்ல, இன்னும் நாலஞ்சு பாகம் அவளோட போகணும்னு ஆசை இருக்கு. நீண்ட தொடர்ல ஒரு ஆள எப்படி உயிரோட வச்சிருக்கது, வாசிச்சவங்க எழுதினவங்க கொஞ்சம் சொல்லுங்க.

தேரூர்க்காரன்:

பெரிய வில்லன் யோசனைய மொதல்ல தூக்கிப் போடுங்க. வில்லன் பெருசானா வில்லன்தான் சுவாரசியமாவான், லீலா இருந்த இடத்துலதான் இருப்பா.

லீலா எந்த வகைன்னு நீங்க முடிவு பண்ணணும்னு நான் சொல்லுதேன். மாறவே கூடாத ஆளுன்னு ஒரு வகை உண்டு, அவன் அப்படியே இருக்கானான்னு பாக்கத்தான் வாசகன் திரும்ப வருதான். ஷெர்லாக் ஹோம்ஸ எடுத்துக்கிடுங்க. 1887-ல தொடங்கி 4 நாவல், 56 சிறுகதை, மனுசன் கிட்டத்தட்ட அதே மனுசன்தான். எழுதின கானன் டாயிலுக்கே சலிச்சுப்போய் 1893-ல அருவியில தள்ளிக் கொன்னுட்டாரு, வாசகர் விடல, 1903-ல உயிரோட கொண்டுவந்தாரு. அந்தத் திரும்பி வாற கதைய நல்லா கவனிச்சுப் பாத்தீங்கன்னா ஹோம்ஸ் பழைய ஹோம்ஸாத்தான் இருக்காரு, வாட்சன்தான் மாறியிருக்காரு. நடுவுல வாட்சனுக்க மனைவி இறந்துட்டா, அத அழுகைக் காட்சியா இழுக்காம துக்கத்தக் கேள்விப்பட்டேன்ங்குற மாதிரி ஒரு தொடுதல்ல முடிச்சிருவாரு. ஹோம்ஸ நேர்ல பாத்ததும் வாட்சன் மயங்கி விழுந்துருதாரு. யுத்தத்துல குண்டடி பட்டு வந்த டாக்டர் அவரு, வாழ்க்கையில மயங்கினது அந்த ஒரு தடவைதான்னு அவரே சொல்லுதாரு. மாறாத ஆளு பக்கத்துல மாறுற ஆளு ஒருத்தன் இருந்தா தொடருக்கு காலம்னு ஒண்ணு வந்துருது.

நம்மூர்ல சுஜாதாவோட வக்கீல் கணேஷ் இருக்காரே. நைலான் கயிறுல கணேஷ் தனி ஆளு, வசந்த் அப்புறம் ப்ரியாவுலதான் வந்து சேருதான். கணேஷ் அளந்து பேசுற ஆளு, தனியா விட்டா ரெண்டு கதைக்குப் பிறகு வறண்டு போயிருக்கும். வசந்த் வந்து வாய்க்கு வந்தத சொன்ன பிறகுதான் கணேஷ் எத சொல்லாம விடுதாருங்கதே நமக்குத் தெரிய ஆரம்பிச்சுது. லீலாகிட்ட வேற யாரும் பேசாத மாதிரி பேசுற ஆள் ஒண்ணு உங்க கதையில இருக்கா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. இருந்தது கேசவன் பாட்டா, அவரையும் அனுப்பிட்டீங்க.

குளச்சல்_கடல்:

தேரூர் அண்ணே சொன்னது சரி, ஆனா கூட ஒரு ஆள சேர்த்தா மட்டும் போதும்னு எனக்குத் தோணல. எத்தனையோ படத்துல ரெண்டாம் பாகத்துக்கு ஒரு காமெடியன சேர்த்தாங்க, என்ன ஆச்சு.

நம்ம பக்கம் எல்லாரும் மலையாளப் படம் பாக்குறவங்கதான், அதனால சி.பி.ஐ. படங்கள்ல மம்மூட்டி நடிச்ச ஆபீசர் சேதுராம அய்யர சொல்லுறேன். 1988, 1989, பொறவு 2004, 2005, கடைசியா 2022, அஞ்சு படம், அஞ்சும் கே.மது டைரக்ஷன், எஸ்.என்.சுவாமி கதை. மம்மூட்டி பின்னால கைய கட்டிக்கிட்டு குனிஞ்ச தலையோட நடப்பாரு, நெத்தியில குறி, அந்த மியூசிக் வந்தா தியேட்டர்ல ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்காகவே போவோம். மாறாத ஆளுக்கு அவர விட நல்ல உதாரணம் கிடையாது. ஆனா அஞ்சாவது படத்துல என்னை உலுக்கினது கொலையோ குற்றவாளியோ கிடையாது. அய்யருக்குக் கூட வேலை பாக்குற விக்ரமா நடிச்ச ஜகதி ஸ்ரீகுமார் 2012-ல ஆக்சிடெண்ட் ஆகி பேச முடியாம ஆயிட்டாருல்லா, அவர அந்த நிலையிலேயே விக்ரமா கொண்டுவந்திருப்பாங்க. அய்யர் அவர் முன்னால வந்து இருப்பாரு. அதுக்கு முந்தி அந்த ஆள் செஞ்ச சேட்டை மொத்தமும் நமக்கு ஞாபகம் வரும். அந்தக் காட்சிய முதல் படத்துலயோ ரெண்டாவது படத்துலயோ யாராலயும் எடுக்க முடியாது, முப்பது வருசத்துக்கு மேல கூட வந்தவனுக்கு மட்டும் கிடைக்குறது அது. தொடர் எழுதுறவங்க கையில இருக்குற பெரிய சொத்தே முன்னால நடந்ததுதான், அத விட்டுட்டு நாம புதுசு புதுசா தேடிட்டு இருக்கோம்.

அடுத்து திரிஷ்யம். 2013-ல முதல் படம், 2021-ல ரெண்டாவது. ரெண்டாவதுல ஜார்ஜ்குட்டிக்கு புது எதிரி யாராவது வந்தானா? இல்ல. அதே பிரேதம், அதே போலீஸ் ஸ்டேஷன். ஆறு வருசம் கழிச்சு அந்த வீட்டுக்குள்ள போய்ப் பாத்தா மூத்த மகளுக்கு போலீஸ கண்டாலே பயம், ஃபிட்ஸ் வருது, ஆளு தியேட்டர் முதலாளி ஆயிட்டான் ஆனா குடிக்க ஆரம்பிச்சிருக்கான், முதல் படத்துல அவனுக்கு சப்போர்ட்டா நின்ன அதே ஊரு இப்போ அவன் முதுகுக்குப் பின்னால பேசுது. ஜெயிச்சதுக்கு அவன் குடுக்குற விலைதான் ரெண்டாம் பாகம். தக்கலை அக்கா, லீலா ரெண்டு பாகத்துல ஜெயிச்சிருக்கா, அதுக்கு அவ என்ன குடுத்தா? தங்கப்பன் இப்போ எங்க இருக்கான்?

தக்கலை_வாசகி:

தங்கப்பன பத்தி நான் யோசிக்கவே இல்ல பாருங்க, அவன் கதை முதல் பாகத்தோட முடிஞ்சுதுன்னு விட்டாச்சு. இது வேற மாதிரி போகுகு, நல்லா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம், பழசையே கிளறிட்டு இருந்தா புதுசா வாசிக்க வாறவங்களுக்கு ஒண்ணும் புரியாதே?

பேச்சிப்பாறை_மழை:

வாசகி அக்கா, அதுக்கு எனக்க வீட்டுல பதில் இருக்கு. அம்மா ராத்திரி சீரியல் விடாம பாப்பா, வருசக்கணக்குல ஓடுற சீரியல். நடுவுல ஒரு கார்டு போடுவாங்கல்லா, இனி இவருக்குப் பதில் இவர்னு. மறுநாள் வேற முகம் வரும். அம்மா ஒரு வாரத்துல அந்தப் புது முகத்த அதே பேரு சொல்லி ஏசத் தொடங்கிருவா. முகம் மாறினத அவ பொறுத்துக்கிடுவா. ஆனா போன மாசம் வரை மாமியார்க்க முன்னால வாய் திறக்காத மருமக, காரணமே இல்லாம திடீர்னு கோர்ட்ல நின்னு வக்கீல் மாதிரி பேசினா, அம்மா உடனே சொல்லுவா, இவ அவ இல்லன்னு. எனக்கு இது பெரிய விசயமாட்டு தோணுகு. சனங்க ஆளைப் பிடிச்சு வச்சிருக்கது அவ எதுக்கு பயப்படுகா, யாருகிட்ட விட்டுக்குடுப்பா, எங்க பிடிவாதம் பிடிப்பாங்குறத வச்சுத்தான்.

இன்னொரு சங்கடமும் சொல்லுகேன். சீரியல்ல நாயகி ரொம்ப நல்லவளா போனதும் அவளுக்கு அடி வாங்குறது மட்டும்தான் வேலை. எல்லா முடிவையும் வில்லி எடுப்பா, இவ கரைஞ்சுக்கிட்டு நிப்பா. அம்மா கூட இப்போ வில்லி வந்தாத்தான் சவுண்ட் கூட்டுகா. லீலா மூணாம் பாகத்துல தானா எடுக்குற முடிவு ஒண்ணு இருக்கணும், அது தப்பான முடிவா இருந்தாலும் கொள்ளாம்.

புதுசா வாறவங்க பத்தி கவலைப்படாதீங்க. சீரியல ஐநூறாவது எபிசோட்ல இருந்து பாக்குறவங்களும் உண்டு. ஒரு பொம்பள ஒரு ஆள கண்டதும் குடைய மறைச்சுப் பிடிச்சுட்டு ரோட்டுக்க அந்தப் பக்கம் மாறிப் போறான்னு காட்டினா போதும், என்னவோ நடந்திருக்குன்னு யாருக்கும் தெரியும். என்ன நடந்துன்னு பைய சொல்லிக்கிடலாம்.

வில்லுக்குடம்:

நான் கொஞ்சம் பழைய ஆளு, சினிமா சீரியல் எல்லாம் குறைவு. தொடர்னு சொன்னா எனக்கு தோல்பாவைக்கூத்துதான் ஞாபகம் வரும். நாரோயில் பக்கம் பத்து ராத்திரி ராமாயணம் நடத்துவாங்க. வெள்ளைத் துணி, உள்ள விளக்கு, ஆட்டுத்தோல்ல வெட்டி சாயம் போட்ட பாவை. ராமன், சீதை, ராவணன், குரங்குப்படை எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் குரல் குடுக்கணும், பாட்டும் அவருதான்.

மக்கா, அதுல ஒரு காரியம் கவனிக்கணும். ராமனுக்கு பாவை ஒண்ணு இல்ல. வனவாசத்துக்குப் போற ராமனுக்கு தனிப் பாவை, பட்டாபிசேக ராமனுக்கு தனிப் பாவை. நேத்து ராத்திரி கிரீடம் வச்சு நின்னவன் இன்னைக்கு சடைமுடியோட மரவுரி உடுத்து திரையில வாறான். ஒரு வார்த்தை பேசும் முன்ன கீழ இருக்குற கிழவியளுக்கு கண்ணு நிறைஞ்சிரும். அவனுக்கு நடந்தது அவன் மேனியில தெரியுது, அதான் காரணம்.

அதே திரையில உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் வருவானுவ. சிரிப்புக்காரனுவ. இவனுவளுக்கு பாவை மாறாது, பத்து ராத்திரியும் அதே வயிறு அதே குடுமி. ஆனா பேச்சு தினமும் புதுசு. அந்த ஊர்ல அன்னைக்கு என்ன நடந்துதோ, தண்ணி வரல்லியா, ரேசன்ல மண்ணெண்ணெய் இல்லியா, யாரு வீட்டுக் கோழி காணாமப் போச்சா, எல்லாம் இவனுவ வாயில வந்துரும். ராமாயணத்துக்கு நடுவுல நம்ம ஊரு புகுந்துரும். சின்னப் பிள்ளைய இவனுவளுக்காகவே தூங்காம முழிச்சிருக்கும்.

தேரூர் தம்பி சொன்ன ரெண்டு வகையும் இதுல இருக்கு. எனக்க கணக்குல லீலா ராமன் பக்கத்து ஆளு, சாவ பாத்திருக்கா, ஒருத்தனுக்க சொத்து போகக் காரணமா இருந்திருக்கா. ஆனா நீ மூணாவது பாகத்துலயும் அதே பாவையத்தான் கையில வச்சு ஆட்டுக மக்ளே.

தேரூர்க்காரன்:

@வில்லுக்குடம் அண்ணாச்சி, இத நான் இதுவரைக்கும் இப்படி யோசிச்சுப் பாத்ததில்ல. நன்றி.

மாறாத ஆளுக்கு பேச்சு புதுசா இருக்கணும்னு சொன்னீங்கல்லா, அதுக்கு நாஞ்சில் நாடனோட கும்பமுனி இருக்காரு. கிழட்டு எழுத்தாளர், கூட தவசிப்பிள்ளை, அதாவது சமையக்காரர், கண்ணுபிள்ளை. எத்தனை கதை வந்தாலும் ரெண்டு பேரும் திண்ணையில அப்படியேதான். அந்தக் கதையள்ல சம்பவம்னு பெருசா ஒண்ணும் இருக்காது, ஆனா கும்பமுனிக்கு எல்லாத்துலயும் ஒரு அபிப்ராயம் உண்டு, சாப்பாடு, அரசியல், விருது, கவிதை, எது கிடைச்சாலும். நாட்டு நடப்பு மாற மாற அவருக்கு கோவப்பட விசயம் வந்துக்கிட்டே இருக்கும். லீலாவுக்கு எதுல எல்லாம் அபிப்ராயம் உண்டுன்னு உங்களுக்குத் தெரியுமா? பத்திரம் தாண்டி?

ஆரல்வாய்_காத்து:

எல்லாரும் லீலா மாறணுமா வேண்டாமான்னு பேசுதீங்க. யாரு அவள பாக்குதாங்கத மாத்திப் பாருங்கன்னு நான் சொல்லுதேன். ஜெயமோகன் வெண்முரசு 2014-ல இருந்து 2020 வரைக்கும் தினம் ஒரு அத்தியாயமா எழுதினாரு, 26 நாவல். மகாபாரதம், முடிவு எல்லாருக்கும் தெரியும், திடீர் திருப்பம்னு ஒண்ணு வைக்கவே முடியாது. இருந்தும் ஆறு வருசம் ஆளுங்க காலையில எழுந்ததும் வாசிச்சாங்க. நானும் வாசிச்சேன். எனக்குப் புரிஞ்ச ஒரு காரணம், ஒரு நாவல்ல ஓரமா நின்ன ஆளு இன்னொண்ணுல நடுவுல வந்துருவாரு, நடுவுல நின்னவர தூரத்துல இருந்து பாப்போம். நீலம்னு ஒரு நாவல், அதுல கண்ணன ராதை வழியாத்தான் காட்டுவாரு, மொழியே பாட்டு மாதிரி வேறயா இருக்கும். வெய்யோன்ல கர்ணன். ஒரே ஆள இத்தனை கண்ணு வழியா பாத்த பிறகு அவரு யாருன்னு நமக்கு முடிவா சொல்ல முடியாமப் போகுது, அந்தச் சொல்ல முடியாமைதான் இழுத்துட்டுப் போகுது.

உங்க மூணாம் பாகத்த பிஜு சொன்னா என்ன? அக்கா ஊர்ச்சொத்துக்கெல்லாம் நியாயம் கேக்கா, சொந்த வீட்டுல தம்பிக்கு என்ன பாகம் எழுதி வச்சிருக்கான்னு அவனுக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கும்லா. அவன கொல்லுததுக்கு எத்தனையோ மேல் இது.

தக்கலை_வாசகி:

பிஜு வழியா சொல்லுகது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா முழு பாகமும் அவன் வாயில வந்தா லீலாவுக்க உள்மனசு போயிருமோன்னு பயம். நாலஞ்சு அத்தியாயம் மட்டும் அவனுக்குக் குடுக்கலாம்னு பாக்குகேன்.

இன்னொரு கேள்வி, நீங்க எல்லாரும் விவரங்கள எப்படி ஞாபகம் வச்சுக்கிடுகீங்க? ஒரு நோட்டுல கண்ணு நிறம், வயசு, பிறந்த நாள்னு எழுதி வைக்கச் சொல்லுகாங்க.

தேரூர்க்காரன்:

கண்ணு நிறம் எழுதி வைக்குது நல்லதுதான், ஆனா அதுல தப்பு வந்தாலும் தொடர் சாகாது. வாட்சனுக்கு முதல் நாவல்ல தோள்ல குண்டடி, ரெண்டாவது நாவல்ல அது கால்ல. பேரு ஜான், ஒரு கதையில அவரு மனைவியே ஜேம்ஸ்னு கூப்பிடுவா. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, ரசிகர் அத வச்சு சந்தோசமா வாதம் பண்ணிட்டு இருக்காங்க, யாரும் புஸ்தகத்த கீழ போடல.

நோட்டுல எழுத வேண்டியது வேற. யாருக்கு யாரப் பத்தி என்ன தெரியும், எப்போ தெரிஞ்சுது. யாரு யாருக்கு கடன்பட்டிருக்கா, பணக்கடன் மட்டும் இல்ல. யாருகிட்ட என்ன வாக்கு குடுத்திருக்கா. சொல்லாம விட்டது எது. இதுல ஒண்ணு தப்பினா வாசகருக்கு உடனே பிடிபடும், போன பாகத்துல பாட்டா சாவுக்கு அவ்வளவு அழுதவ இந்த பாகத்துல ஒரு தடவ கூட நினைக்கலியேன்னு. உண்மைய சொன்னா உங்க மூணாம் பாகத்துல நான் வாசிச்ச அத்தியாயங்கள்ல கேசவன் பாட்டா பேரே வரல.

குளச்சல்_கடல்:

அக்கா இத பாருங்க, நான் சும்மா யோசிச்சது. பாட்டாதான் பழைய மலையாளக் கையெழுத்து வாசிப்பாரு, லீலாவுக்கு கொஞ்சம்தான் வரும்னு ரெண்டாம் பாகத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. 1956 நவம்பருக்கு முந்தி நம்ம பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி, அதுக்கும் முந்தி திருவிதாங்கூர், அந்தக் கால ஆதாரம் இன்னும் எத்தனையோ வீட்டுல டிரங்க் பெட்டியில கிடக்கு, வாசிக்க ஆளில்ல. அப்போ லீலாகிட்ட ஒரு ஆதாரம் வருது, பாதி எழுத்து பிடிகிடைக்கல. முந்தின ரெண்டு பாகத்துல அவ கண்டுபிடிச்சிருவான்னு தெரியும், இதுல அவளுக்கே வாசிக்கத் தெரியல. அந்தக் கமெண்ட் போட்ட அக்காவுக்கு இப்போ பயம் வரும்.

கொண்டுவாறது தங்கப்பன். வேற எழுத்தர்கிட்ட போகாம அவகிட்டயே வாறான்.

பேச்சிப்பாறை_மழை:

ஐயோ குளச்சல் தம்பி, கொன்னுட்டீங்க போங்க. நான் அந்தக் காட்சிய பாக்குகேன். ரூம்ல கூட்டம் இல்லாத நேரம். 2018-ல ஆன்லைன் பதிவு வந்ததுக்குப் பொறவு கம்ப்யூட்டர் சென்டர்ல போய் செய்யுறவங்களும் உண்டு, அவளுக்கு வேலை குறைஞ்சு போச்சுன்னும் காட்டலாம், அவளுக்கும் வருமானம் வேணும். தங்கப்பன் வேட்டி மடிப்பு அவுத்துவிட்டுட்டு வாசல்ல நிக்குறான், உள்ள வரட்டுமான்னு கேக்கல, இருக்கட்டுமான்னும் கேக்கல. ஒரு மஞ்சப்பைய மேசையில வைக்கான். மகளுக்க கல்யாணத்துக்கு மிச்சம் இருக்குற மூணு சென்ட விக்கணும், வாங்குறவன் மூல ஆதாரம் கேக்கான், வில்லங்கம் போட்டா அந்தப் பழைய ஆதாரத்துல போய் நிக்குது. என்னைய பிடிச்சது நீதானே, இதையும் நீயே வாசிச்சு சொல்லு, உன் வாயில வந்தா ஊரு நம்பும்னு சொல்லுகான். அவனுக்கு அவ மேல கோவம் இருக்கு, நம்பிக்கையும் இருக்கு.

இப்போ அவ எடுக்குற முடிவுதான் நான் முன்ன சொன்னது. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு அவ சொல்லுவாளா? சொல்லமாட்டா. பாட்டாக்க பேரைக் காப்பாத்தணும்னு வாசிச்ச மாதிரி ஒரு எல்லையச் சொல்லிருவா. அங்க தொடங்கும் எல்லா குழப்பமும்.

வில்லுக்குடம்:

நல்லா வருது. ஒண்ணு மட்டும் சொல்லுதேன், அவ பொய் சொல்லுகது முந்தின லீலாவுக்குள்ளயே இருந்திருக்கணும். முதல் பாகத்துல எங்கயாவது, தெரியாதுன்னு சொல்ல கூச்சப்பட்ட இடம் இருக்கான்னு திரும்ப வாசிச்சுப் பாரு மக்ளே. இருந்தா அதத் தொட்டு எழுது. இல்லன்னா இந்தத் தப்ப அவ தலையில வைக்காத, வேற பாரு. பேச்சிப்பாறை பிள்ளைக்க அம்மா சொன்ன மாதிரி, இவ அவ இல்லன்னு சொல்லிருவாங்க.

ஆரல்வாய்_காத்து:

எத்தனை பாகம் வரை போகும்னும் இப்பவே யோசிச்சுக்கிடுங்க. அகதா கிறிஸ்டி துப்பறியுற பாய்ரோவ 1920-ல கொண்டுவந்தாங்க, அவரோட கடைசி நாவல ரெண்டாம் உலகப்போர் நேரத்துலயே எழுதி எடுத்து வச்சுட்டாங்க, அது வெளிவந்தது 1975-ல. அத்தனை வருசமும் பாய்ரோவுக்கு முடிவு என்னன்னு எழுதுறவங்களுக்குத் தெரியும். நீங்க முழு முடிவு எழுதணும்னு சொல்லல, ஆனா லீலா எத தேடுதான்னு தெரிஞ்சிருந்தா நடுவுல வாற பாகங்கள்ல அது அவளுக்குக் கிடைக்காம பாத்துக்கிடலாம். அவளுக்கு எல்லாரு எல்லையும் தெரியும், அவளுக்குன்னு பேருல ஒரு சென்ட் இருக்கா?

தக்கலை_வாசகி:

இல்ல. அவ இருக்குற வீடு அப்பாக்க பேருல, பாகம் பிரிக்கல்ல. இத நான் முதல் பாகத்துல ஒரு வரியில சொல்லிட்டு விட்டிருக்கேன், பிஜுவுக்க மனத்தாங்கலுக்கும் இதுதான் காரணமா வரும்.

வில்லுக்குடம் மாமா, திரும்ப வாசிச்சேன். முதல் பாகம் ஏழாவது அத்தியாயத்துல ஒரு சர்வேயர் சங்கிலிக் கணக்கு பத்தி கேக்கும்போ அவ தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு, பொறவு ராத்திரி பாட்டாக்க வீட்டுக்குப் போய் கேட்டு படிச்சுட்டு வருவா. அப்போ கேக்கதுக்கு பாட்டா இருந்தாரு. அதனால பொய் அவளுக்குள்ள இருக்கு, அத எடுத்துக்கிடுகேன்.

போட்ட நாலஞ்சு அத்தியாயத்தையும் ஆப்ல இருந்து எடுத்துருகேன், தங்கப்பன் வாசல்ல நிக்குற இடத்துல இருந்து புதுசா தொடங்கப் போறேன், மூணாவது பிஜுவுக்க அத்தியாயம். மலையாள ஆதாரம் வீட்டுல வச்சிருக்குறவங்க யாராவது இருந்தா, அந்த எழுத்து எப்படி இருக்கும், எந்த இடத்துல மை பரந்து வாசிக்க முடியாமப் போகும், எல்லை சொல்லுற வரியில மரம், ஓடை, வரப்பு இதெல்லாம் என்ன பேருல வரும்னு இங்க எழுதுங்க. ஆளு பேரு, சர்வே நம்பர் ஒண்ணும் வேண்டாம், எழுத்து மட்டும் போதும்.

வில்லுக்குடம்:

எங்க தறவாட்டு ஆதாரம் ஒண்ணு இருக்கு. நாளைக்கு பெட்டி திறந்து பாத்துட்டு எழுதுதேன். கிழக்கு எல்லையில ஒரு அயினி மரம் உண்டுன்னு எங்க அப்பா வாசிச்சு கேட்டிருக்கேன், அந்த வரி மடிப்புல வருது, அங்கதான் எழுத்து போயிருக்கு.